மாணவரே நடத்தும் பெற்றோர் சந்திப்பு: புதிய சிறப்புப் பயிற்றுநருக்கு ஒரு வழிகாட்டி

வழக்கமான பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் பேசுவார், பெற்றோர் தலையாட்டுவார்கள், பிள்ளை கதவோரம் நிற்கும். மாணவரே நடத்தும் சந்திப்பில் பேசுவது பிள்ளை. தன் வேலைகளில் சிலவற்றை ஒரு ஃபைலில் சேர்த்து, வீட்டாரை அருகில் உட்கார வைத்து, எது வந்தது, எது இன்னும் வரவில்லை, அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று தானே எடுத்துச் சொல்கிறது. வகுப்பாசிரியர் எதிரில் இருந்து கேட்பார், தேவைப்பட்டால் ஒரு வார்த்தை சேர்ப்பார்.

இதை ஒரு பள்ளி முதன்முதலில் நடத்தும்போது, பேச்சு தெளிவில்லாத பிள்ளையையும், வாசிக்கத் திணறும் பிள்ளையையும், ஆட்டிச நிலையுள்ள பிள்ளையையும் "இவங்களுக்கு மட்டும் நாமே பேசிடுவோம்" என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தன்னைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத்தான் இந்தச் சந்திப்பு மிகவும் தேவை. வடிவத்தை மாற்றலாம், நேரத்தைக் குறைக்கலாம், பேச்சுக்குப் பதில் படமும் பொருளும் வைக்கலாம். பிள்ளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாம் உட்காரக் கூடாது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் சிறப்புப் பயிற்றுநரான உங்கள் வேலையில் பெரும்பகுதி அந்த நாளுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அன்றைக்கு நீங்கள் அதிகம் பேசும்படி ஆனால், தயாரிப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

நாளும் நேரமும்

வட்டார வள மையத்திலிருந்து முறைவைத்துப் பல பள்ளிகளுக்குப் போகிறவர் நீங்கள் என்றால், முதலில் பார்க்க வேண்டியது தேதி. உங்கள் பொறுப்பில் உள்ள இரண்டு பள்ளிகள் ஒரே நாளில் சந்திப்பு வைத்தால், ஒரு பள்ளியின் பிள்ளைகள் உங்கள் துணை இல்லாமல் உட்காருவார்கள். ஆறு வாரத்துக்கு முன்பே தலைமையாசிரியர்களிடம் பேசித் தேதிகளைப் பிரித்து வாங்கிவிடுங்கள்.

காவிரிப் படுகையில் தேதி என்பது தண்ணீரோடும் வயலோடும் சேர்ந்தது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும் ஆண்டில் ஜூன், ஜூலை மாதங்கள் குறுவை நடவுக்குப் போய்விடும். காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும் அக்டோபரில் ஒரு பக்கம் குறுவை அறுவடை, இன்னொரு பக்கம் சம்பா நடவு. அதே மாத நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அன்று காலையில்தான் மழை விடுமுறை என்று தெரியவரும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்தத் தேதி வைத்தாலும், அழைப்பிலேயே மாற்றுத் தேதி ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடையும் கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்திருப்பதும் இருக்கும். இதைத் தவிர்க்க முடியாவிட்டாலும், வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் வர முடியாது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கும் இதே கணக்குதான். காலையில் நடவுக்குப் போகும் பெண்கள் பெரும்பாலும் பிற்பகலில் வீடு திரும்பிவிடுவார்கள். காலை 10 மணிக்கு வைத்த சந்திப்புக்கு வராத அம்மா, மாலை 4 மணிக்கு வைத்தால் வருவார். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் யாரையும் அழைக்காதீர்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா என்பதால் நாகப்பட்டினம் பக்கம் பேருந்துகளில் இடம் கிடைக்காது. கடலோர ஊரில் படகு எந்த நாள் கரைக்கு வரும் என்று பிள்ளையிடமே கேளுங்கள், சரியாகச் சொல்லும்.

இனி வகுப்புக்குள் நேரம். 30 பேர் உள்ள வகுப்பில் நான்கு மூலைகளில் நான்கு குடும்பங்கள் ஒரே சமயத்தில் உட்காரலாம். ஒரு சந்திப்புக்கு 20 நிமிடம், இடையில் 5 நிமிடம் என்றால் எட்டுச் சுற்று, மொத்தம் 3 மணி 15 நிமிடம். உங்கள் துணை தேவைப்படும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வெவ்வேறு சுற்றில் வரும்படி பட்டியல் போடச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் வருகைப் பதிவேட்டு வரிசையில் போட்டுவிடுவார்கள், ஒரே சுற்றில் இரண்டு பேர் விழுவார்கள். நீண்ட நேரம் காத்திருக்க முடியாத பிள்ளைக்கு முதல் சுற்று. கூட்டமும் சத்தமும் ஆகாத பிள்ளைக்கு வகுப்பறையில் இல்லாமல் நூலக அறையிலோ, ஆள் நடமாட்டம் குறைந்த வேறு அறையிலோ இடம்.

யார் வருகிறார்கள் என்று முன்பே அறிதல்

"பெற்றோர்" என்று அழைப்பிதழில் போட்டாலும் வருவது அப்பாயியாகவோ அம்மாச்சியாகவோ இருக்கலாம். அப்பா திருப்பூரில் இருப்பார். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கமென்றால் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். வெளிநாட்டில் இருப்பவர் வாட்ஸ்அப் அழைப்பில் சேர விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் போனைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். பக்கத்து நாற்காலியில் ஒரு நோட்டுக் கட்டின்மேல் சாய்த்து வைத்தால், ஆள் உட்கார்ந்திருப்பது போலவே பிள்ளை பார்த்துப் பேசும். அந்த மூலையில் சிக்னல் கிடைக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

வருகிறவரிடம் மூன்று நான்கு நாள் முன்னதாக ஐந்து நிமிடம் பேசிவிடுவது, பிள்ளைக்குக் கொடுக்கும் எந்த ஒத்திகையையும் விட அதிகப் பயன் தரும். அவருக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள்: "இதுல உனக்கு எது பிடிச்சுது?", "எது கஷ்டமா இருந்துச்சு?", "வீட்ல நாங்க என்ன பண்ணணும்?" கேட்க வேண்டாதவை இரண்டு: மார்க் எத்தனை, மற்ற பிள்ளைகள் எப்படி. காரணத்தையும் சொல்லிவிடுங்கள். மார்க் விவரத்தை வகுப்பாசிரியர் தனியாகத் தருவார் என்று தெரிந்தால், சந்திப்பில் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் என்றால், "எனக்கு என்னம்மா தெரியும், நீங்களே பாத்துக்குங்க" என்பார். பிள்ளை வாயால் சொல்லும், பொருளைக் காட்டும், நீங்கள் பார்த்தால் போதும் என்று உறுதி சொல்லுங்கள். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதுவோ பேசும் பிள்ளை அந்த மொழியிலேயே சொல்லட்டும். ஆசிரியருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பாட்டியிடம் தமிழில் பேச வைத்தால் இருவருக்கும் கூச்சம்தான் மிஞ்சும்.

ஃபைல்

விலை கூடிய எதுவும் தேவையில்லை. ஸ்டிக் ஃபைல் ஒன்று, அதில் ஐந்து வேலைகள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை மூன்றே போதும். எண்ணிக்கை கூடினால் பிள்ளை பக்கம் புரட்டுவதிலேயே களைத்துப்போகும்.

ஐந்தில் இரண்டு கட்டாயம் ஜோடியாக இருக்க வேண்டும்: ஒரே வகை வேலை, வேறு வேறு தேதி. ஜூனில் எழுதிய கழித்தல் தாள், செப்டம்பரில் எழுதிய கழித்தல் தாள். வளர்ச்சியை வாயால் விளக்கத் தெரியாத பிள்ளைகூட இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடும். இதற்காகத்தான் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்தில் நீங்கள் கொடுக்கும் எந்தப் பயிற்சித்தாளையும் தூக்கிப் போடக் கூடாது. தேதி எழுதாத தாள் இந்த வேலைக்கு ஆகாது. மூன்றாவது, பிள்ளைக்குப் பிடித்த வேலை, உங்களுக்குப் பிடித்ததல்ல. நான்காவது, இன்னும் வராத ஒன்று. ஐந்தாவது தாளில் அடங்காத திறமை: சில்லறை எண்ணுவது, சட்டைப் பொத்தான் போடுவது, சக்கர நாற்காலியைத் தானே சாய்தளத்தில் ஏற்றுவது. இதைப் புகைப்படமாக வைக்கலாம், வேறு பிள்ளைகள் முகம் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே செய்து காட்டினால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் ஒரு குறி போடுங்கள். தானே செய்ததற்கு "தா", சொல்லிக் கொடுத்ததும் செய்ததற்கு "சொ", கைபிடித்துச் செய்ததற்கு "கை". இந்தக் குறியைப் பிள்ளையே போட வேண்டும், அதுவும் வேலை முடித்த அன்றே. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எல்லாம் "தா" ஆகிவிடும். வீட்டார் இந்தக் குறிகளைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். மார்க் சொல்லாத ஒன்றை இது சொல்கிறது: போன பருவம் "கை", இந்தப் பருவம் "சொ".

ஃபைலில் அடிக்கடி நடக்கும் தவறு, சுத்தப் பிரதி வைப்பது. அடித்தல் திருத்தல் இருந்த தாளை மாற்றி, ஆசிரியர் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதிய அழகான தாளை வைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது, அது அதன் வேலையே அல்ல. கண்காட்சிக்காகப் பெரியவர்கள் வெட்டி ஒட்டிய பொருள்களுக்கும் இதே கதிதான்.

சொல்ல வேண்டியதைத் தயாரித்தல்

நான்கு வாக்கியம் போதும். "இது நான் செஞ்சது. முன்ன இது வரல, இப்ப வருது. இது இன்னும் வரல. அடுத்து இதைப் பண்ணப் போறேன்." பிள்ளை வீட்டில் பேசும் பேச்சிலேயே இருக்கட்டும். எழுத்துத் தமிழில் மனப்பாடம் செய்ய வைத்தால் ஒரு சொல் மறந்ததும் எல்லாமே நின்றுபோகும்.

வாசிப்பதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு எழுதிய அட்டையைக் கையில் கொடுக்காதீர்கள். வீட்டார் முன் திக்கி வாசிக்க வைப்பது, எது வராதோ அதையே மேடையேற்றுவதாகும். நான்கு படங்கள் வரைந்த ஒரே அட்டை கொடுங்கள். படத்தைப் பார்த்துப் பேசட்டும். படங்களைப் பிள்ளையே வரைந்தால் மறக்காது.

பேச்சு வராத, அல்லது வெளியாருக்குப் புரியாத பிள்ளைக்கு மூன்று வழிகள் உண்டு. சுட்டிக்காட்டும் படஅட்டைகள் ஒரு வழி. பக்கத்துக்கு நான்குக்கு மேல் படம் வைக்காமல், ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவில் வையுங்கள். போனில் முன்பே பதிவு செய்த குரலைப் பிள்ளையே பொத்தானை அழுத்தி ஒலிக்கச் செய்வது அடுத்தது. அதற்குக் குரல் கொடுப்பவர் அதே வயதுத் தோழனோ தோழியோ இருக்கட்டும், உங்கள் குரல் வேண்டாம். மூன்றாவது, செய்து காட்டுவது. பத்து ரூபாய்க்குச் சில்லறை எண்ணி எடுத்துக் கொடுக்கும் பிள்ளை ஒரு வார்த்தை பேசாமலே பாட்டிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

செவித்திறன் குறைந்த பிள்ளை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள, எதிரில் பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காருகிறவரின் உதடு இருட்டாகத்தான் தெரியும். ஆகவே ஜன்னல் பிள்ளையின் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், வீட்டார் வெளிச்சத்தைப் பார்த்து உட்காரட்டும். காதுக்கருவியின் பேட்டரியை அன்று காலையிலேயே பாருங்கள். மின்விசிறிச் சத்தம் கருவியில் இரைச்சலாகக் கேட்கும், முடிந்தால் அந்த மூலையின் விசிறியை நிறுத்துங்கள். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்குத் தாள்களின் ஓரத்தில் நூலோ மணல் தாளோ ஒட்டி, எது எந்த வேலை என்று விரலால் தெரியும்படி செய்யுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குச் சாய்வுப் பலகை வையுங்கள். தாள் வழுக்காமல் இருக்க ஒரு ரப்பர் விரிப்பு, பக்கம் புரட்டக் கைப்பிடியாக ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் கெட்டி அட்டைத் துண்டு. கால் தரையில் படாமல் தொங்கினால் உடம்பு நிலைக்காது, பேச்சும் குழறும். காலடியில் ஒரு பலகை போடுங்கள்.

ஆட்டிச நிலையுள்ள பிள்ளைக்குத் திடீர் மாற்றம்தான் எதிரி. என்ன நடக்கும், எந்த வரிசையில், எப்போது முடியும் என்பதை ஐந்து படங்களில் வைத்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். கடைசிப் படம், சந்திப்பு முடிந்தபின் பிள்ளை செய்யப் போகும், அதற்குப் பிடித்த செயலாக இருக்க வேண்டும். "அம்மாவைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்த வேண்டாம், தாளைப் பார்த்துப் பேசினாலும் பேச்சுதான்.

மாற்றுத்திறன் சான்று எதுவும் இல்லாத, மெதுவாகக் கற்கும் பிள்ளைகளும் உங்களிடம் வருவார்கள். அவர்களுக்கும் இதே தயாரிப்பு பொருந்தும். உதவிக்குச் சான்றிதழ் ஒரு நிபந்தனையல்ல.

இலக்கு எழுதுதல்

"நல்லா படிப்பேன்" என்பது இலக்கு அல்ல. யார் பார்த்தாலும் முடிந்ததா இல்லையா என்று சொல்ல முடிய வேண்டும். "பொங்கலுக்குள் கடன் வாங்கும் கழித்தல் ஐந்து கொடுத்தால் நாலை நானே போடுவேன்." இது இலக்கு. பள்ளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, மூன்றாவது வேண்டாம்.

வீட்டு இலக்கு வீட்டில் இருப்பதைக் கொண்டு நடக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நின்று பாபநாசம், கும்பகோணம், திருவாரூர் என்று பலகையை வாசிப்பது. ரேஷன் கடை ரசீதில் அரிசி எத்தனை கிலோ, சர்க்கரை எத்தனை கிலோ என்று பார்த்துச் சொல்வது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் என்றால் தேங்காயைப் பத்துப் பத்தாக எண்ணி அடுக்குவது. கூலி வேலை முடித்து வரும் அம்மாவிடம் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னால் முதல் வாரத்தோடு நின்றுவிடும். நின்றுபோனதற்கு அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வார், அடுத்த சந்திப்புக்கு வரவும் தயங்குவார். பத்து நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள்.

ஒத்திகை

மூன்று முறை. முதலாவது உங்களோடு, தனியாக. இரண்டாவது ஒரு சின்ன வகுப்புப் பிள்ளையை எதிரில் உட்கார வைத்து. சின்னவர் முன் பெரிய பிள்ளைக்குத் தைரியம் வரும். மூன்றாவது சந்திப்பு நடக்கும் அதே இடத்தில், அதே நாற்காலியில், வகுப்பாசிரியர் வீட்டாராக உட்கார்ந்து. இந்த மூன்றாவதில் சங்கடமான கேள்வி ஒன்றும் இருக்கட்டும்: "ஏன் இதுல இவ்வளவு தப்பு?" அதற்குப் பிள்ளைக்கு ஒரு பதில் கைவசம் இருக்க வேண்டும்: "இதைத்தான் இப்ப கத்துக்கிட்டு இருக்கேன்." மூன்றுக்கு மேல் ஒத்திகை வைத்தால் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

வகுப்பாசிரியரோடு ஓர் உடன்பாடு

முந்தின நாள் பத்து நிமிடம் உட்கார்ந்து மூன்றை முடிவு செய்யுங்கள். பிள்ளை தடுமாறினால் கை கொடுப்பது யார்? ஒருவர்தான்; இருவரும் சேர்ந்து எடுத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியாது. வளரறி (பருவத்தின் இடையில்), தொகுத்தறி (பருவ இறுதியில்) மதிப்பெண் விவரத்தை எப்போது, யார் தருவது? பிள்ளை முன் எவற்றைப் பேசுவதில்லை? குறைபாட்டின் பெயர், மருத்துவ அறிக்கை, சதவீதம், அறிவுத்திறன் அளவு, இவை எதுவும் அந்த 20 நிமிடத்தில் வரக் கூடாது.

அன்றைய நாள்

அரை மணி முன்னதாகப் போய் நாற்காலிகளைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. ஆசிரியர் முன் உட்காரத் தயங்கி நின்றுகொண்டோ தரையில் அமர்ந்தோ கேட்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். "வாங்கம்மா, உட்காருங்க, தம்பிதான் இன்னைக்கு உங்களுக்குச் சொல்லப் போறார்" என்று நாற்காலியை இழுத்துக் கொடுங்கள். நடுவில் ஆசிரியர் மேசை வேண்டாம். பிள்ளையும் வீட்டாரும் ஒரே பக்கம் அருகருகே உட்கார்ந்தால் இருவருக்கும் தாள் நேராகத் தெரியும் (செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு மட்டும் வீட்டார் எதிரில்). வகுப்பாசிரியர் எதிரில். நீங்கள் பிள்ளைக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில், அது திரும்பினால் கண்ணில் படும் தூரத்தில். வீட்டாரின் நேர்ப் பார்வையில் உட்கார்ந்தால் அவர்கள் பிள்ளையை விட்டுவிட்டு உங்களிடம் கேட்கத் தொடங்குவார்கள். அப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் பிள்ளையைப் பாருங்கள். அவர்கள் பார்வையும் தானே திரும்பும்.

பிள்ளை நின்றுவிட்டால் செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

முதலில் காத்திருங்கள். மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்துவரை மெதுவாக எண்ணுங்கள். புதியவர்கள் மூன்றிலேயே வாய் திறந்துவிடுகிறார்கள். பல பிள்ளைகளுக்குச் சொல் வந்து சேர அந்தப் பத்து நொடி தேவைப்படுகிறது.
பிறகு அடுத்த படத்தை விரலால் காட்டுங்கள், பேசாமல்.
பிறகு முதல் சொல்லை மட்டும்: "முன்ன..."
பிறகு இரண்டில் ஒன்று: "இதைச் சொல்லலாமா, அடுத்த தாளுக்குப் போகலாமா?"
கடைசியாக, அந்த வாக்கியத்தை அதோடு சேர்ந்து சொல்லுங்கள்.

வாக்கியம் வந்ததும் உடனே பின்வாங்கிவிட வேண்டும். ஒருமுறை சேர்ந்து சொன்னதாலேயே மீதியையும் நீங்கள் சொல்லி முடிக்கும் ஆசை வரும், அதை அடக்குங்கள். அழுதுவிட்டால் தண்ணீர், இரண்டு நிமிடம் வெளியே காற்று, பிறகு பிள்ளை விரும்பினால் மட்டும் தொடரலாம். விரும்பாவிட்டால் ஜோடித் தாளை மட்டும் காட்டி நன்றி சொல்லி முடியுங்கள். அதையும் நடந்த சந்திப்பாகவே கணக்கில் எழுதுங்கள்.

வீட்டார் பக்கமிருந்து வரும் சிக்கல்கள் வேறு மாதிரி. "இவன் எங்க டீச்சர் படிக்கப் போறான், மாடு மேய்க்கத்தான்" என்று பிள்ளை முன்பே சொல்லும் அப்பா வருவார். வாதாட வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். ஜூன் தாளையும் செப்டம்பர் தாளையும் எடுத்து அவர் கையில் கொடுத்து, "தம்பி, இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அப்பாவுக்குச் சொல்லுங்க" என்று பிள்ளையிடம் திருப்பிவிடுங்கள். அக்காவோடும் அத்தை மகனோடும் ஒப்பிட்டால், "இன்னைக்கு இவங்க ஃபைலை மட்டும் பாப்போம்ங்க" என்று மெதுவாகச் சொல்லி நிறுத்துங்கள். கை ஓங்கினாலோ, குடித்துவிட்டு வந்திருந்தாலோ, வகுப்பாசிரியர் பிள்ளையைச் சாதாரணமாக வெளியே அழைத்துப் போக வேண்டும். நீங்கள் பெரியவரோடு இருந்து, தலைமையாசிரியருக்குச் சொல்லி அனுப்பி, வேறு நாள் கொடுங்கள். இன்னொரு வகையும் உண்டு: பிள்ளை சொல்லச் சொல்ல அம்மா அழுதுவிடுவார். தன்னால்தான் அழுகிறார் என்று பிள்ளை பயந்துவிடும். "அம்மாவுக்குச் சந்தோஷம், கொஞ்சம் பொறுப்போம்" என்று பிள்ளையின் காதில் விழும்படி சொல்லுங்கள்.

கையெழுத்து வாங்கும் இடத்தில் ஒரு கவனம் வேண்டும். கைநாட்டு வைப்பவர் என்றால் மற்ற குடும்பங்கள் பார்க்கும்படி மை டப்பாவை நீட்டாதீர்கள். இலக்குத் தாளில் பிள்ளையின் கையெழுத்தோ அடையாளமோ முதலில், வீட்டாருடையது அடுத்து, ஆசிரியருடையது கடைசியில்.

பெரியவர்களுக்கான பத்து நிமிடம்

பிள்ளையின் 20 நிமிடம் முடிந்தபின், தேவைப்படும் குடும்பத்தோடு மட்டும் தனியாகப் பத்து நிமிடம். இப்படிப் பேசப் போகிறோம் என்று பிள்ளைக்கு முன்பே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தன்னைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்ளும். அதற்குப் பழகிய யாராவது வெளியில் துணைக்கு இருக்கட்டும்.

இங்கே பேச வேண்டியவை: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) எடுத்தாயிற்றா, சான்றிதழ் காலாவதியாகிறதா, வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) நாட்களுக்கு வர முடிகிறதா, அடுத்த மருத்துவ முகாம் எப்போது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. பேச்சும் நடையும் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு இது பொருந்தும் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பொதுத்தேர்வுச் சலுகைகளையும் சொல்லிவிடுங்கள்: சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு. எந்தச் சலுகை யாருக்கு என்பது குறைபாட்டைப் பொறுத்தது. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், பத்தாம் வகுப்பின் பாதியில் ஓடத் தொடங்கினால் சான்று வாங்கவே நேரம் போதாது.

சந்திப்புக்குப் பிறகு

அன்று மாலையே, வீட்டுக்குக் கிளம்பும் முன், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு வரி எழுதுங்கள்: யார் வந்தார், பிள்ளை எந்த இடத்தில் தானே பேசியது, எங்கே எந்த அளவு துணை தேவைப்பட்டது, இரண்டு இலக்குகள் என்ன. அந்தப் பிள்ளைக்கென்று எழுதிய தனிநபர் கல்வித் திட்டத்தில் இதைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த சந்திப்பில் எந்தத் துணையைக் குறைக்கலாம் என்பது இந்தக் குறிப்பில்தான் தெரியும். இலக்குத் தாளின் நகல் ஒன்று வகுப்பாசிரியர் மேசையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பள்ளிக்குப் போகும்போது, பிள்ளையிடம் இரண்டு இலக்கையும் பற்றிக் கேளுங்கள். வீட்டு இலக்கு நின்றுபோயிருந்தால் குற்றம் சொல்லாமல் சிறியதாக்குங்கள்: ரசீது முழுவதும் வாசிப்பதற்குப் பதில் அரிசி வரி மட்டும்.

அழைத்தும் யாரும் வராத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். மற்ற பிள்ளைகளின் வீட்டார் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு அது ஃபைலோடு உட்கார்ந்திருக்க விடாதீர்கள். முன்பே சொல்லி வைத்திருந்த ஒரு பெரியவரை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள்: தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர், யாரானாலும் அந்தப் பிள்ளைக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும். பிறகு ஒரு வாரத்துக்குள் வகுப்பாசிரியரும் நீங்களும் அந்த வீட்டுக்குப் போங்கள். மாலை விளக்கு வைத்த பிறகு போனால் வேலைக்குப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள். ஃபைலைப் பிள்ளையே தூக்கி வரட்டும், திண்ணையில் உட்கார்ந்து அதுவே காட்டட்டும். இலக்குத் தாளை அங்கேயே எழுதி, நகலை அந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.